கௌசியாவின் நிக்காஹ் படம்

என் நாத்தனார் கௌசியாவுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குணத்தால் அவள் பட்டதையெல்லாம் ஒரே வீட்டில் இருந்து பார்த்தவள் நான். எனக்குப் பெருமையைவிட ஆத்திரம்தான் அதிகம்.

என் மாமனார் ரஹமத்துல்லா சேலம் லீ பஜாரில் சாக்குக் கடை வைத்திருந்தார். அரிசி மண்டிகளிலிருந்தும் மோகனூர்ப் பக்கத்திலிருந்தும் காலிச் சாக்குகளை வாங்கி, தூசி தட்டி, ஒட்டுப் போட்டு, கட்டாகக் கட்டி, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளுக்கு விற்பார். கட்டின் மேலும் கீழும் நல்ல சாக்கு, நடுவில் ஒட்டுப் போட்ட சாக்கு. விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கௌசியா சிறு பிள்ளையாக இருந்தபோது ஒரு பள்ளி விடுமுறையில் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆலைக்காரரிடம், "நடுவுல இருக்கறதெல்லாம் ஓட்டைச் சாக்கு, மாமா" என்று சொல்லிவிட்டாள்.

மாமனாருக்கு முகம் போன போக்கைப் பார்த்து, லோடு ஏற்ற வந்திருந்த சங்ககிரி லாரிக்காரர் சென்னியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். "ஏனுங் பாய், பாப்பாவக் கடையில உக்கார வெச்சீங்கன்னா நீங்க ஊட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்கலாமுங்க." மாமனார் மகளைத் திட்டவில்லை. விலையைக் குறைத்துக் கட்டைக் கொடுத்து அனுப்பினார். இந்தக் கதையை நான் மருமகளாக வந்த பிறகு சென்னியப்பனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முதல் தடவை போலவே சிரிப்பார்.

மாமனார் மார்க்கப் பற்று மிகுந்தவர். ஐந்து வேளைத் தொழுகை, வெள்ளை ஜிப்பா, கணக்கில் நேர்மை, இதெல்லாம் பலரிடமும் உண்டு. அவரிடம் கூடுதலாக இருந்தது ஒன்று: போட்டோ கூடாது. ஆதார் கார்டுக்கு வேறு வழியில்லாமல் உட்கார்ந்ததுதான் அவர் தெரிந்து எடுத்துக்கொண்ட கடைசிப் படம். அதிலும் யாரோ பிடித்து வைத்துக் குற்றம் சாட்டியதைப் போல முழித்துக்கொண்டிருப்பார். என் கல்யாணத்தின்போதே இதற்காக என் தகப்பன் வீட்டார் முகம் சுளித்தார்கள். ஆனால் அன்றைக்கு அவர் மாப்பிள்ளையின் தகப்பன். பெண் வீட்டு ஏற்பாட்டில் அவர் பேச்சு முழுசாகச் செல்லவில்லை. தன் மகளின் நிக்காஹ் வந்தபோது அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை நதீம், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் ஆத்தூரிலிருந்து அந்தக் காலத்தில் அங்கே போய்க் குடியேறியவர், இப்போது இல்லை. நதீம் லெஸ்டர் நகரத்தில் பஸ் ஓட்டுகிறார், தாயோடு இருக்கிறார். அவர் பேசும் தமிழைக் கேட்டால் எங்கள் தெருப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடும். ஆனால் நல்ல மனிதர். கௌசியாவைப் பார்க்க வந்த அன்று, "எனக்குச் சமையல் வரும். உங்களுக்கு வராட்டியும் பரவாயில்லை" என்றார். அவள் அன்று முழுக்கச் சமையலறையில் எதையாவது எடுப்பதும் வைப்பதுமாகத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது வரை ஒன்றும் அமையாமல் தட்டிக்கொண்டே போன பெண். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

நிக்காஹ் அன்று மண்டபத்து வாசலில் மாமனார் ஒரு புதுச் சாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றார். வருகிறவர்கள் எல்லோரும் செல்போனை அதில் போட வேண்டும். மிச்சமிருந்த பிரியாணி டோக்கன்களை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் போனில் கட்டி, மறு பாதியைக் கையில் கொடுத்தார். "படம் இருக்கிற எடத்துக்கு வானத்துலேர்ந்து மலக்குமாருங்க வரமாட்டாங்க. எம் புள்ள நிக்காஹுக்கு அவங்க வரணும். செத்த நேரம் சும்மா இருங்கப்பா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஜவுளிக்கடை முதலாளியிலிருந்து கல்லூரிப் பையன்கள் வரை முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சாக்குக்குள்ளிருந்து விதவிதமான பாட்டுக் கேட்க ஆரம்பித்தது. சங்ககிரியிலிருந்து தாமதமாக வந்த சென்னியப்பன், "என்ற போனையும் போடுங் பாய்" என்று தானாகவே எடுத்துக் கொடுத்தார்.

எங்களில் பெண்கள் தனியாகத் திரைக்கு இந்தப் பக்கம். மணப்பெண்ணும் எங்களோடுதான். அந்தப் பக்கம் நடப்பதை மைக்கில் கேட்கலாம், பார்க்க முடியாது. பள்ளிவாசல் ஹஜ்ரத் குத்பா ஓதி முடித்தார். அப்புறம் மாமனாரின் குரல் வந்தது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்ணின் தகப்பன் சொல்ல வேண்டிய வார்த்தை. "என் மகள் கௌசியாவை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். மைக் கெட்டுப் போனதோ என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பிறகு குரல் தொடர்ந்தது, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் மஹரைச் சொன்னது, நதீம் தன் ஒடிந்த தமிழில் ஒப்புக்கொண்டார், எல்லோரும் துஆ கேட்டார்கள். அன்று மாலை கௌசியா, "ஏன் அத்தா நடுவுல நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். "தொண்ட கட்டிக்கிச்சு" என்று சொல்லிவிட்டு அவர் பந்திப் பாத்திரங்களை எண்ணப் போய்விட்டார்.

நதீம் மூன்று வாரம் இருந்தார். இருவரும் ஏற்காட்டுக்குப் போனார்கள். அங்கே மாமனாருக்குத் தெரியாமல் நதீம் செல்போனில் எடுத்த இரண்டு படங்கள்தான் அவர்கள் ஒன்றாக இருக்கும் படங்கள். ஒன்றில் கௌசியா பாதி முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருக்கிறாள். இன்னொன்றில் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள்.

அவர் ஊருக்குப் போன பிறகு விசா வேலை ஆரம்பித்தது. மனைவியாக அங்கே போய் வாழ வேண்டுமென்றால் சும்மா போய்விட முடியாது. இவள் ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும், நுரையீரல் சோதனை செய்ய வேண்டும், அவர் சம்பளம் இவ்வளவு என்று காட்ட வேண்டும். முதல் பரீட்சையில் பேசும் பகுதியில் வாயடைத்துப் போய்த் தவறிவிட்டாள். திரும்ப எழுதினாள். நதீம் வேறு பஸ் கம்பெனிக்கு மாறியதால் அங்கே சில மாதம் சம்பளம் வாங்கிக் காட்ட வேண்டியிருந்தது. இப்படி ஒரு வருடம் ஓடிவிட்டது. தினமும் மதியம் சோறு வடித்த பிறகு அவள் போனோடு மாடிக்குப் போவாள். அங்கே அவருக்கு விடிந்திருக்கும். என் மாமியார் மஸ்தான் பீவி அக்கம்பக்கத்தில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். "கண்ணு படும். கேட்டா பேப்பர் வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க, போதும்." நாங்களும் அப்படியே சொன்னோம். அவரவர் வீட்டு விஷயத்தை மூடி வைப்பதில் எங்கள் தெருவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அப்போதுதான் மாமனார் போனார். கடையில் கட்டுக்கு மேல் உட்கார்ந்து தண்ணீர் கேட்டவர், தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நதீம் கிடைத்த விமானத்தைப் பிடித்து வந்தும் மய்யத்தைப் பார்க்க முடியவில்லை, அடக்கம் முடிந்திருந்தது. கௌசியா அழவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், தட்டுக் கழுவினாள், எல்லோரும் போன பிறகு வாசலைக் கூட்டினாள். மாமியார் இத்தாவில் உட்கார்ந்தார். கணவனை இழந்தவள் நான்கு மாதத்துக்கு மேல் வீட்டைவிட்டு வெளியே வராமல் வெள்ளையில் இருப்பதுதான் இத்தா. அந்த நாட்களில் அவர் ஆதார் கார்டைத் தலையணைக்கடியில் வைத்திருந்தார். அவ்வப்போது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "மூஞ்சியே தெரியல" என்று திரும்ப வைத்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ஷாருக், விசா ஏஜெண்ட் பிரபாகரைப் பார்த்துவிட்டு வந்தார். ஐந்து ரோடு சந்திப்பில் மாடியில் ஆபீஸ், சுவரெல்லாம் வெளிநாட்டு மணிக்கூண்டுப் படங்கள். பிரபாகர் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "கல்யாண போட்டோ எங்கே?"

இல்லை என்றதும் அவர் சிரித்தாராம். "கல்யாணத்துக்குப் போட்டோ இல்லைன்னா வெள்ளைக்காரன் கல்யாணமே இல்லைம்பான். மலையில எடுத்த ரெண்டு செல்ஃபிய வச்சு என்ன பண்றது? மாப்பிள்ளை இங்கதானே இருக்காரு, அந்த டிரஸ்ஸும் இருக்குமில்ல? மண்டபத்துல ஒரு காலையில உக்கார வச்சு எடுத்துடுங்க. நடந்ததத்தானே திரும்ப எடுக்கறோம், இதுல என்ன பொய் இருக்கு?"

ஷாருக் அதை அப்படியே வந்து சொன்னார். நான் வேண்டாம் என்றேன். "உனக்கென்ன தெரியும்?" என்றார். எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் மவுத்து விழுந்த வீட்டில், நாற்பது கூட முடியாமல், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஒரு பெண் போய் மணமேடையில் உட்காருவது கண்ணுக்கு நன்றாக இருக்காது என்பது தெரியும். நதீமுக்கு லீவு முடிந்துகொண்டிருந்தது. அவரும் தயங்கினார், கடைசியில், "நீ வர முடியாமப் போச்சுன்னா?" என்று கௌசியாவைக் கேட்டார். அவள் எழுந்து போய் பீரோவிலிருந்து நிக்காஹ் புடவையை எடுத்தாள்.

அதே மண்டபம். வாசலில் சாக்கு இல்லை. ஹஜ்ரத் இதற்கு வர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஷாருக்கின் சிநேகிதர் ஒருவர், செல்போன் ரிப்பேர் கடைக்காரர், தாடி இருந்த ஒரே தகுதியில் தலைப்பாகை கட்டிக்கொண்டு ஹஜ்ரத் இடத்தில் உட்கார்ந்தார். மாமனார் இருந்த இடத்தில் ஷாருக் உட்கார்ந்து நதீமின் கையைப் பிடித்தார். மாமியார் இத்தாவில் இருப்பதால் வரவில்லை. பெண்கள் என்று நானும் இரண்டு சித்திகளும். எல்லோருக்கும் சிரிக்கும்படி உத்தரவு. போட்டோகிராபர் நாமக்கல் பையன், விஷயம் தெரியாதவன், "பொண்ணு மட்டும் டல்லா இருக்குதுங்க, கொஞ்சம் சிரிக்கச் சொல்லுங்க" என்றான். கௌசியா சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நான் தூண் மறைவுக்குப் போய் அழுதேன். வீட்டுக்குத் திரும்பியதும் அவள் நேராகப் பின்கட்டுக்குப் போய்ப் புடவையை மாற்றிய பிறகுதான் தாயின் அறைக்குள் போனாள். அறைக்குள்ளிருந்து மாமியார், "எடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்டார்.

விண்ணப்பம் போனது. பல மாதம் கழித்து, சென்னைக்கு வந்து நேர்காணலுக்கு உட்கார வேண்டும் என்று தகவல் வந்தது. பிரபாகர் எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டு, கேட்கக்கூடிய கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில், "படத்துல உங்க அப்பா இல்லையே, அதக் கேட்டா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்தாரு, வர முடியலைன்னு சொல்லிடுங்க" என்றார்.

"அத்தா இருந்தாங்களே" என்றாள் கௌசியா.

"தெரியும்மா. படத்துல இல்லையில்ல? இல்லைன்னு சொல்லிட்டாப் போச்சு. அவர் வந்து ஆமா இல்லைன்னு சொல்லப் போறாரா?"

அந்த ஆள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. சென்னைக்குப் போகும் ரயிலில் கௌசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானே கெஞ்சினேன். "ஒரே ஒரு வார்த்தை கௌசி. அங்க போயிட்டு எவ்வளவு வேணும்னாலும் தவ்பா செஞ்சு மன்னிப்புக் கேட்டுக்க." அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினாள். சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே நடந்ததை அவளே பிற்பாடு சொன்னாள். ஒரு சிறிய அறை, ஒரு திரை. திரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, வயசானவர், கனிவாகத்தான் பேசியிருக்கிறார். மொழிபெயர்ப்பதற்கு யாழ்ப்பாணத் தமிழில் பேசும் ஒருவர். நதீமுக்கு என்ன பிடிக்கும், தாய்க்கு என்ன நோய், எந்த நேரத்தில் போனில் பேசுவீர்கள் என்று எல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் கௌசியா சரியாகச் சொன்னாள். பிறகு படங்களைக் காட்டினார்கள்.

"இந்தப் படத்தில உங்கட தகப்பனார் எங்க இருக்கிறார்?"

சொல்ல வேண்டியது வாய் வரை வந்ததாம். அத்தா அன்றைக்கு வரவில்லை என்று சொல்ல வேண்டும். தன்னைக் கையைப் பிடித்துக் கொடுத்தவரை இல்லை என்று சொல்ல வேண்டும். "என்னால முடியல அண்ணி. நான் அங்க போறதுக்காக அத்தாவ எப்படி அழிக்கிறது?" என்றாள் என்னிடம். அவள் அங்கே சொன்னது இதுதான்: "அத்தா வாசல்ல நின்னாங்க. வந்தவங்ககிட்டயெல்லாம் செல்போன், கேமராவெல்லாம் வாங்கிச் சாக்குல போட்டு வச்சாங்க. அப்புறம் உள்ள வந்து அவர் கையப் புடிச்சுக் குடுத்தாங்க."

மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் யோசித்துவிட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா குனிந்து படத்தைப் பார்த்தார். அடுத்த கேள்வி வந்தது.

"அப்பிடியெண்டால் இந்தப் படங்களை ஆர் எடுத்தது?"

அதற்கப்புறம் கௌசியா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மவுத்து, பிரபாகர், மண்டபம், தலைப்பாகை கட்டிய செல்போன் கடைக்காரர், எதையும் விடவில்லை. வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, அந்த அம்மாவும் நன்றி சொன்னார்கள், நிச்சயம் புரிந்துகொள்வார்கள் என்றாள். அவளுடைய அத்தா ஓட்டைச் சாக்குக்கு விலையைக் குறைத்துக் கொடுத்தார். உலகத்தில் எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள்.

விசா கிடைக்கவில்லை. கொடுத்த படங்கள் உண்மையான திருமணத்தின் படங்கள் அல்ல, ஆகவே மற்றதையும் நம்புவதற்கில்லை என்று பதில் வந்தது. நதீம் அங்கே ஒரு வக்கீலைப் பிடித்து மேல்முறையீடு செய்தார். அந்த வக்கீல் சொன்னதை நதீம் போனில் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் படம் எடுக்க மாட்டார்கள் என்று உள்ளதை எழுதி, ஜமாஅத்தில் ஒரு கடிதமும் வாங்கி, அந்த ஏற்காட்டுப் படங்களையும் தினமும் பேசியதையும் வைத்திருந்தாலே ஒருவேளை போதுமாக இருந்திருக்குமாம். கண்ணை மூடிக்கொண்டிருக்கிற அந்தப் படமே போதுமாம். ஷாருக் அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

மேல்முறையீடும் தோற்றது. அதற்குள் இரண்டு ரம்ஜான் வந்து போய்விட்டது. நதீமின் தாய்க்குப் பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துவிட்டன. அவர் தாயை விட்டுவிட்டு இங்கே வந்து இருக்க முடியாது. இவள் அங்கே போக முடியாது. மதியப் போன் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, பிறகு வாரத்துக்கு ஒன்று. பேசினாலும் அந்தப் பக்கத்திலிருந்து தாய் கூப்பிடும் குரல் கேட்கும், அவர் வைத்துவிடுவார். ஒருநாள் கௌசியா மாடியிலிருந்து இறங்கி வந்து, அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவங்கம்மாவக் குளிப்பாட்ட ஆள் இல்ல. இவருதான் எல்லாம் பண்றாரு. வேற கல்யாணம் பண்ணிக்கச் சொல்லிச் சொந்தக்காரங்க சொல்றாங்க போல. அவர் எங்கிட்டக் கேக்க மாட்டாரு. நான்தான் கேட்டு வாங்கணும்."

"பைத்தியமாடி உனக்கு? இன்னும் கொஞ்ச நாள் பொறு. திரும்ப எழுதிப் போடலாம்."

"பொறுக்கலாம். அந்தம்மா உடம்பு பொறுக்காது."

பெண் தானாகக் கேட்டு வாங்கும் விலக்குக்கு எங்களில் குலா என்று பெயர். ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல் அது முடிந்தது. நதீம் போனில் குழந்தையைப் போல அழுதார். இவள்தான் அவரைத் தேற்றினாள். சில மாதத்தில் அவருக்கு அங்கேயே ஒரு நிக்காஹ் ஆயிற்று என்று கேள்விப்பட்டோம். அன்றைக்கும் மாமியார் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்து, யார் கேட்டாலும் பேப்பர் வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க என்றார். கௌசியா மட்டும் அந்தப் பொய்யைச் சொல்ல முடியாமல் வெளியே போவதையே நிறுத்திக்கொண்டாள். தெருச் சிறுமிகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பதும் சமையலும்தான் அவள் வாழ்க்கை என்று ஆனது.

போன மாதம் சென்னியப்பன் வந்தார். மாமனார் போன பிறகு ஷாருக் சொந்தமாகச் சின்ன வண்டி வாங்கிவிட்டதால் அவரைப் பார்த்து வெகுநாளாகியிருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. மனைவி வசந்தாமணியும் கூட வந்தார். மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம்; தட்டில் பழமும் பத்திரிகையும் வைத்துக் கொடுத்தார்கள்.

"பாய் இருந்தா எப்புடி இருந்திருக்கும்! மொதப் பத்திரிகை அவருக்குத்தானுங் குடுத்திருப்பேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கௌசியாவைப் பார்த்து, "பாப்பா இன்னும் போகுலீங்களா?" என்றார்.

"பேப்பர் வந்துக்கிட்டிருக்குங்க" என்றார் மாமியார், பழக்கத்தில்.

வசந்தாமணி பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, "எங்க கண்ணாலத்துக்குப் போட்டோப் புடிக்க மூணு பேரு வாராங்களாமுங்க, மேல பறக்குற கேமராவும் உண்டாமுங்க. பாய் ஊட்டு நிக்காஹுல ஒண்ணுமில்லாம எவ்வளவு அமைதியா இருந்துச்சுன்னு நான் அதப் பாத்துட்டுச் சொல்லீட்டே இருப்பேன்" என்றார்.

"எதைப் பார்த்து?" என்றேன் நான்.

சென்னியப்பன் மனைவியை முறைத்தார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார். "சாமி, ஒரு தப்புப் பண்ணிப்போட்டனுங்க. லாரிக்காரன் கையில எப்பவும் ரெண்டு போன் இருக்குமுங்க, ஊட்டுக்கு ஒண்ணு, லோடுக்கு ஒண்ணு. பாய்கிட்ட ஒண்ணத்தானுங் குடுத்தேன். லோடுக்காரன் கூப்புட்டா என்ன பண்றதுன்னு இன்னொண்ணு மடியிலயே இருந்துச்சு. இவ அன்னைக்கு மேலுக்கு முடியாமப் படுத்திருந்தா. பாய் ஊட்டுக் கண்ணாலம் எப்புடின்னு பாக்கோணும்னு ஆசைப்பட்டா. பின்னால உக்காந்து கொஞ்சூண்டு புடிச்சுப்போட்டேன். பாய் மொகத்தப் பாத்துச் சொல்ல மனசு வல்லீங்க. அப்புறம் அவரும் போயிட்டாரு."

போனை எடுத்துத் தேடி நீட்டினார். முதலில் தொப்பிகளும் பின்தலைகளும். போன் மேலே உயர்ந்தது. மாமனார் வெள்ளை ஜிப்பாவில், நதீமின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "என் மகள் கௌசியாவை..." அந்தக் குரலைக் கேட்டதும் மாமியார் எழுந்து நின்றுவிட்டார். குரல் நின்றது. அன்றைக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் பார்க்காத இடம் அதுதான். மாமனார் முகத்தைத் திருப்பிப் பெண்கள் பக்கத்துத் திரையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கண்ணையும் அழுத்தித் துடைத்துவிட்டுத் திரும்பி மஹரைச் சொன்னார்.

"இத அன்னைக்கே யாராச்சும் காட்டியிருந்தா..." மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைக்கு விசா..."

சென்னியப்பனின் முகம் வெளிறியது. "ஏனுங்கம்மா, விசாவுக்கு இது வேணும்னு இருந்துச்சுங்களா? அய்யோ, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே ஓடியாந்து குடுத்திருப்பனே! இதனாலயா பாப்பா இத்தன நாளாப் போகாம உக்காந்திருக்குது?" அவர் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "இப்பவாச்சும் ஆகுமுங்களா சாமி?"

மாமியார் வாயைத் திறந்தார். கௌசியா முன்னால் வந்தாள்.

"ஆகும் மாமா. இதைத்தான் அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க. என் போனுக்கு அனுப்புங்க, இன்னைக்கே அவருக்கு அனுப்பிடறேன்."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். ஒரு தடுமாற்றம் இல்லை. குரல் பிசகவில்லை. தேவையாக இருந்த அன்று அந்தத் திரைக்கு முன்னால் வராத பொய், இந்த லாரிக்காரருக்காக எவ்வளவு சுலபமாக வந்தது.

சென்னியப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆத்தா, வயித்துல பால வார்த்த. அங்க போயி எறங்குனதும் மாமனுக்கு ஒரு போன் போடோணும், ஆமா" என்றார். "போடறேன் மாமா" என்றாள். கல்யாணத்துக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று இருவரும் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் படியிறங்கிப் போனார்கள்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, நதீமுக்கு அனுப்பப் போகிறாயா என்று கேட்டேன். "எதுக்கு அண்ணி? அங்க வேற ஒருத்தி இருக்கா" என்றாள். தாயின் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். மாமியார் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சலிக்காமல் போட்டுக் காட்டினாள். பிறகு, மாமனார் திரையைப் பார்க்கும் இடத்தில் நிறுத்தி அந்த முகத்தைப் பெரிதாக்கினாள்.

"தொண்ட கட்டிக்கிச்சுன்னுதானே அண்ணி சொன்னாங்க" என்றாள். "அத்தாவும் பொய் சொல்லியிருக்காங்க."

அவர் மவுத்தான நாளிலிருந்து அழாதவள், அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.